சுருள்பாசி: ஏரியிலிருந்து புட்டிக்கு வந்த வரலாறு

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தருமாறு என்னைப் பணித்தனர். சோழர் கடற்படையைப் பற்றியும் விஜயநகரத்தைப் பற்றியும் முன்னைய மலர்களில் எழுதியிருக்கிறேன். அவற்றைப் பொறுமையுடன் படித்த காலனி அன்பர்களுக்கு என் நன்றி. இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் மன்னர்களைப் பற்றியதன்று; நீரில் மிதக்கும் ஒரு பாசியைப் பற்றியது. பாசிக்கும் சரித்திரம் உண்டோ என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். உண்டு. ஒரு பேரரசின் தலைநகரும், பாலைவன ஓரத்து ஏரி ஒன்றும், பிரெஞ்சு நாட்டு எண்ணெய் ஆராய்ச்சிக் கூடமும், நம் மைசூரும் சென்னையும் அச்சரித்திரத்தில் இடம் பெறுகின்றன. அதனை நான் தேடிப் படிக்க நேர்ந்த காரணமோ என் வீட்டிற்குள்ளேயே இருந்தது.

புசாவல் பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குப் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதே தொழில். சில ஆண்டுகளாகத் தெற்கேயிருந்து வரும் அட்டைப் பெட்டிகளில் ‘ஸ்பைருலினா’ என்னும் பெயர் அடிக்கடி என் கண்ணில் பட்டு வந்தது. ஏதோ ரசாயனச் சரக்குப் போலும் என்றெண்ணி, வே பில்லைச் சரிபார்த்து அனுப்பி விடுவேன். பின்னர் ஒரு நாள் அதே பெயர் பொறித்த புட்டி ஒன்று எங்கள் குவார்ட்டர்ஸில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது.

என் அன்னையாருக்கு வயது எழுபத்தொன்று. பிறந்த நாள் முதல் சைவ உணவன்றி வேறறியாதவர்; பாலும் தயிரும் கபம் என்று சொல்லி அவற்றையும் பல ஆண்டுகளாக விலக்கி விட்டவர். ஒரு கார்த்திகை மாதத்தில், பாதங்கள் மரத்துப் போவதாகவும், கோலமிடக் குனிந்தால் தலை சுற்றுவதாகவும் சொன்னார். அச்சமயம் வீடு வீடாகச் சென்று சத்து மாத்திரை விற்பவர் ஒருவர் நம் காலனிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். புலால் உண்ணாதோர்க்கு வேண்டிய பி-12 என்னும் வைட்டமின் முழுவதும் இந்த மாத்திரையில் அடக்கம் என்றும், இதை உண்போர்க்கு ஊசியும் வேண்டா, டாக்டரும் வேண்டா என்றும் அவர் கூறினார். புட்டியின் மேலும் அவ்வாறே அச்சிட்டிருந்தது. அச்சில் கண்டதை நம்பும் வழக்கமுடைய நானும் வாங்கினேன். ஏழு மாதம் தொடர்ந்து வாங்கினேன். மாதம் எண்ணூறு ரூபாய் கரைந்ததேயன்றி அம்மாவின் கால் தேறவில்லை. அப்புறம் நடந்ததைப் பின்னால் சொல்லுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், கல்லூரி மாணவனான என் மகனின் உதவியோடு இப்பாசியைப் பற்றித் துருவித் துருவிப் படிக்கத் தொடங்கியது அந்த ஏழாம் மாதத்தில்தான்.

முதலில் பொருள் இன்னதென்று தெரிதல் வேண்டும். தமிழில் இதனைச் சுருள்பாசி என்பர். நுண்நோக்கியில் பார்த்தால் நூலிழை ஒன்று கம்பிச் சுருள் போலச் சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். அதனாற் பெற்ற பெயர். ஓரிழையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவு. பாசி என்று சொல்வதும் பழக்கம் பற்றியே. விஞ்ஞானிகள் இதனைச் செடி வகையில் சேர்ப்பதில்லை. சூரிய வெளிச்சத்தை உண்டு வாழும் நீலப்பசும் பாக்டீரியா இனத்தில் சேர்ப்பர். 1827-இல் ஸ்பைருலினா என்ற பெயர் தோன்றியது. உணவாகும் வகைக்கு ‘ஆர்த்ரோஸ்பைரா’ என்பதே சரியான பெயர் எனப் பிற்காலத்தார் தீர்மானித்தனர். வியாபாரத்தில் மட்டும் பழைய பெயரே நிலைத்து விட்டது.

இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. மற்ற உயிர்கள் வாழ அஞ்சும் உவர்நீரில், சோடா உப்புக் கரைந்த காரமான நீரில், இது செழித்து வளரும். அத்தகைய நீரில் போட்டியிட வேறு பாசி அதிகமில்லாமையால், ஏரி முழுவதும் ஏறக்குறைய இது ஒன்றேயாகி விடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் நகுரு போன்ற சோடா ஏரிகளில் லட்சக்கணக்கான சிறிய பூநாரைகள் கூடுவது இதனை வடித்து உண்பதற்கேயாம். நாமும் இதனைக் கண்ணாற் கண்டிருக்கிறோம். சங்கத்தின் உல்லாசப் பயணமாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் புல்டாணா ஜில்லாவிலுள்ள லோணார் சென்றோமல்லவா? விண்கல் விழுந்து உண்டான அப்பெரும் பள்ளத்தின் நடுவிலுள்ள பச்சை நீரைக் கண்டு, துர்நாற்றமென்று குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த உவர் ஏரியின் பசுமைக்குப் பெருங்காரணம் இப்பாசி இனமே. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வேரி திடீரென்று இளஞ்சிவப்பாக மாறிச் செய்தித்தாள்களில் அடிபட்டது. அது உப்பில் வாழும் வேறொரு நுண்ணுயிரின் வேலை.

இனிச் சரித்திரத்திற்கு வருவோம். இன்று மெக்ஸிகோ நகரம் இருக்கும் மேட்டுப் பள்ளத்தாக்கில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பரந்த ஏரிகள் இருந்தன. அவற்றுள் பெரியது டெக்ஸ்கோகோ. அதன் நடுவே ஒரு தீவில் 1325-ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்டெக் மக்கள் எழுப்பிய தலைநகர் டெனோச்டிட்லான். 1519-இல் ஹெர்னான் கோர்ட்டெஸ் என்னும் ஸ்பானியத் தளபதி சில நூறு போர்வீரருடன் அந்நகருள் புகுந்தான். அவனுடன் சென்ற வீரருள் ஒருவர் பெர்னால் டியாஸ். முதுமையில் அவர் எழுதிவைத்த வரலாற்றில், அந்நகரத்துப் பெருஞ்சந்தையை வருணிக்குமிடத்து, ஏரியில் படியும் ஒருவகைக் கசட்டைத் திரட்டிச் சிறு அடைகளாகச் செய்து விற்றார்கள் என்றும், அதன் சுவை தம் நாட்டுப் பாலாடைக் கட்டியை ஒத்திருந்தது என்றும் குறித்திருக்கிறார். பொன்னைத் தேடிச் சென்ற ஒரு போர்வீரனின் கண்ணில் இவ்வற்பப் பண்டமும் பட்டு, அது முதுமை வரை நினைவிலும் நின்றதே என்பது எனக்கு வியப்பைத் தந்தது.

அவருக்குப் பின் சென்ற கற்றோர் இன்னும் விரிவாக எழுதினர். பெர்னார்டினோ டி சஹாகுன் என்னும் கிறிஸ்தவத் துறவி அந்நாட்டு மக்களிடமே கேட்டுத் தொகுத்த பெருநூலில் இது இடம் பெற்றுள்ளது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1570-இல் அனுப்பிய வைத்தியர் பிரான்சிஸ்கோ ஹெர்னாண்டெஸ் செய்முறையையே எழுதி வைத்தார். ‘தெக்குயிட்லாட்’ என்பது அந்நாட்டார் வழங்கிய பெயர். கல்லின் கழிவு என்பது அதன் சொற்பொருள் என்பர். நீரின் மேல் மிதக்கும் அதனை நெருக்கமான வலைகளால் வாரிக் கரையில் பரப்பி, வெயிலில் உலர்த்தி, அடைகளாக்குவர். மக்காச்சோள ரொட்டியுடனும் மிளகாய்ச் சாறுடனும் உண்பர். ஆடு மாடு வளர்க்காத மக்கள் அவர்கள். பாலென்பதே அவர்கள் உணவில் இல்லை. சோளமும் அவரையும் ஏரி தந்த மீனும் பறவையும் பாசியுமே அவர்களைப் போஷித்தன.

1521 ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. அதன் பின்னர் அப்பாசிக்கு நேர்ந்த கதிதான் இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் வருத்திய பகுதி. எவரும் அதனைத் தடை செய்யவில்லை. ஏரியே போய்விட்டது. ஏரியோடு வாழத் தெரிந்தவர்கள் ஆஸ்டெக் மக்கள். புதிய ஆட்சியாளர்களுக்கோ ஏரி ஒரு பகையாகத் தோன்றியது. மழைக்காலந்தோறும் வெள்ளம் நகருட் புகுந்தது. 1607-இல் என்ரிக்கோ மார்ட்டினெஸ் என்பவரின் மேற்பார்வையில் மலையைக் குடைந்து நீரை வெளியேற்றும் வேலை தொடங்கிற்று. ஆயினும் 1629-இல் வந்த வெள்ளம் சில ஆண்டுகள் நகரை விட்டு அகலவில்லை. முந்நூறு ஆண்டுகள் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். 1900-இல் பெருங்கால்வாய் திறக்கப்பட்டது. ஏரி சுருங்கி உப்புத் தரையாயிற்று. தெக்குயிட்லாட்டைப் பற்றிய பேச்சு பதினாறாம் நூற்றாண்டோடு ஏறக்குறைய மறைந்து போயிற்று. பழைய நூல்களில் அதனைப் படித்தவர்களுக்கு அது இன்ன பொருள் என்றே விளங்கவில்லை. உண்டு வாழ்ந்த ஒரு பண்டம் நானூறு ஆண்டுகளில் வெறும் சொல்லாகிப் போவதைப் பாருங்கள்! ஊரில் ஏரியைத் தூர்த்துப் பஸ் நிலையம் கட்டக் கண்ட நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இனி அட்லாண்டிக் கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டும். மெக்ஸிகோவினர் மறந்த அதே உணவை, அவர்களோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மற்றொரு மக்கட்கூட்டம் சஹாரா பாலைவனத்தின் தென் ஓரத்தில் விடாமல் உண்டு வந்தது. சாட் ஏரியின் அருகிலுள்ள கானெம் பிரதேசத்தில், மணல் மேடுகளுக்கிடையே சோடா நீர்க் குட்டைகள் உள்ளன. அவற்றுள் பெயர் பெற்றது கொசொரோம். கானெம்பு இனத்துப் பெண்கள் அதிகாலையில் அங்கே சென்று, காற்றால் கரையோரம் ஒதுங்கிய பச்சைக் குழம்பைக் கூடைகளிலும் துணியிலும் வடித்தெடுப்பர். மணலில் வட்டமாகக் குழித்து அதில் ஊற்றுவர். மணல் நீரை உறிஞ்சிக்கொள்ள, மேலே அடை போல் உறைந்ததைச் சதுரம் சதுரமாக அறுத்து வெயிலில் காய வைப்பர். இதற்கு ‘திஹே’ என்று பெயர். வேலை முழுவதும் பெண்களுடையது. ஆண் எவனும் நீரில் இறங்கினால் ஏரி மலடாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏரியின் வருமானத்தைப் பெண்கள் கையிலேயே நிறுத்துவதற்கு இதைவிடச் சாமர்த்தியமான சட்டத்தை எந்த வக்கீலும் எழுத முடியாது! கருவுற்ற பெண்கள் திஹே உண்டால், அதன் கரிய நிறம் வயிற்றுச் சிசுவைச் சூனியக்காரர் கண்ணில் படாமல் மறைக்கும் என்றும் நம்பினர். நம்பிக்கை எதுவாயினும், இரும்புச் சத்து மிகவும் தேவைப்படும் காலத்தில் அப்பெண்கள் அதனை உண்டனர் என்பது கவனிக்கத் தக்கது.

உலர்ந்த திஹேயைப் பொடித்து, நீரில் கரைத்து, தக்காளி, வெங்காயம், மிளகாயுடன் கொதிக்கவிட்டு, மீனோ இறைச்சியோ கிடைத்தால் சேர்த்து, சிறுதானியக் களியோடு உண்பர். இப்பகுதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, “இது நம்ம குழம்பும் கம்பங்களியும் மாதிரின்னா இருக்கு! இதையா மருந்துன்னு விற்கிறான்?” என்று கேட்டார்.

வெளியுலகம் இதனை அறிந்த விதம் சுவையானது. சாட் அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஃபோர்-லாமி என்னும் ஊரில் (1973 முதல் அதன் பெயர் நிஜமேனா) பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவர், சந்தையில் விற்ற பச்சை அடையில் ஒரு துண்டைத் தம் நாட்டுப் பாசி நிபுணர் பியேர் டாஞ்சாருக்கு அனுப்பினார். அது ஏறக்குறைய முழுவதும் சுருள்பாசியே எனக் கண்ட டாஞ்சார் 1940-இல் அதனை வெளியிட்டார். எந்த ஆண்டு என்று நோக்குக. ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்த ஆண்டு அது. ஏரிப் பாசியைப் பற்றிய கட்டுரையை அப்போது யார் படிப்பார்? கட்டுரை அப்படியே உறங்கிற்று.

கால் நூற்றாண்டுக்குப் பின், 1964-65-இல் சஹாராவைக் கடந்து சென்ற பெல்ஜிய ஆராய்ச்சிக் குழுவில் ழான் லெயோனார் என்னும் தாவரவியலறிஞர் இருந்தார். அவரும் சந்தையில் அதே பச்சை அடையைக் கண்டார். வாங்கிச் சென்று சோதிக்கச் செய்தார். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம் என்று தெரிந்தது. 1966-இல் ஃபாரர் என்பவர் ‘நேச்சர்’ பத்திரிகையில், ஸ்பானியர் எழுதிவைத்த தெக்குயிட்லாட் இவ்வினத்ததாகவே இருத்தல் வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். நானூறு ஆண்டுகளாகப் பொருளிழந்து கிடந்த சொல்லுக்கு இவ்வாறு மீண்டும் பொருள் கிடைத்தது.

இதே சமயத்தில் டெக்ஸ்கோகோவிலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வற்றிய ஏரியின் உவர்நீரிலிருந்து சோடா எடுக்கும் கம்பெனி ஒன்று அங்கே நத்தையோட்டின் வடிவில் மிகப் பெரிய ஆவியாக்கு பாத்தி ஒன்றை அமைத்திருந்தது. அந்நீரில் பச்சைப் பாசி படிந்து சோடாத் தொழிலுக்கு இடையூறு விளைத்தது. அச்சமயம் பிரான்ஸிலிருந்த பெட்ரோலிய ஆராய்ச்சிக் கழகம் இப்பாசியை வளர்க்கும் முறைகளைத் தீவிரமாக ஆராய்ந்து கொண்டிருந்தது. ஸாருக் என்பவர் 1966-இல் வகுத்த வளர்ப்பு நீரின் சூத்திரம் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. அக்கழகத்தாரின் துணையை மெக்ஸிகோக் கம்பெனி நாடியது. தொல்லை தந்த பொருளே விலைச் சரக்காயிற்று. 1970-களில் ஆஸ்டெக் மக்களின் பழைய ஏரிப் படுகையிலேயே இது பெரிய அளவில் உற்பத்தியாகி வெளிநாடுகளுக்குச் சென்றது. அவ்வாலை 1990-களில் மூடப்பட்டு விட்டது.

உலகம் இதில் இவ்வளவு ஆவல் கொண்டதேன்? இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஏழை நாடுகளின் நோய்களுக்கெல்லாம் புரதப் பஞ்சமே காரணம் என்னும் கொள்கை ஓங்கி நின்றது. மீன் மாவு, எண்ணெயில் வளரும் ஈஸ்ட், குளோரெல்லா என்னும் பச்சைப் பாசி எனப் பலவற்றை முயன்றனர். குளோரெல்லாவின் உறை கடினமானது; எளிதில் செரியாது. சுருள்பாசிக்கோ மெல்லுறை, உண்டால் செரிக்கும். ஆகவே இதுவே நாளைய உலகின் உணவு என்று சிலர் பறை சாற்றினர். ஆனால் 1974-இல் மக்லாரன் என்னும் நிபுணர் ‘லான்செட்’ வைத்தியப் பத்திரிகையில், புரதப் பஞ்சம் என்ற கூக்குரலே பெரும் தவறு என்று எழுதினார். நம் நாட்டில் டாக்டர் கோபாலனும் பேராசிரியர் சுகாத்மேயும் ஏறத்தாழ அதே கருத்தினர். ஏழைக் குழந்தைக்கு முதலில் குறைவது வயிறு நிறையச் சோறு. சோறு போதுமானால் அதனோடு பருப்பும் வந்து சேரும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இந்திய நாட்டில் இம்முயற்சி மைசூரில் தொடங்கிற்று. 1950-இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம் 1973 முதல் ஜெர்மானியரின் ஒத்துழைப்புடன் பாசி வளர்ப்பில் ஈடுபட்டது. முதலில் வேறொரு பச்சைப் பாசி, பிறகு சுருள்பாசி. சென்னையிலிருந்த முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்ரி என்னும் ரசாயனப் பொறியியல் அறிஞர் இதனை வேறு கண்கொண்டு பார்த்தார். பெரிய யந்திரங்களின்றிக் கிராமத்துப் பெண்களே எளிய தொட்டிகளில் வளர்த்து, துணியில் வடித்து, வெயிலில் உலர்த்தலாகாதா என்பது அவர் சிந்தனை. கொசொரோம் பெண்களின் முறையே தமிழ்நாட்டுக் கொல்லைப்புறத்திற்கு வந்ததெனலாம். 1990-களின் தொடக்கத்தில் அவர் மேற்பார்வையில் பள்ளி செல்லா வயதினரான சுமார் 5000 தமிழ்நாட்டுக் கிராமக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தனர். வைட்டமின் ‘ஏ’ குறைவால் கண் வெள்ளையில் தோன்றும் புள்ளிகள் பெரிதும் குறைந்தன என்று அறிக்கை கூறிற்று.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இதனைச் சோதித்தது. இந்நிறுவனம் 1918-இல் குன்னூரில் மெக்காரிசன் என்னும் பிரிட்டிஷ் வைத்தியரால் தொடங்கப்பெற்று, 1958-இல் ஐதராபாத் சென்றது. நம்மைப் போலவே தமிழகத்தினின்று வடக்கே குடிபெயர்ந்தது என்று சொல்லி மகிழலாம். சுருள்பாசியிலுள்ள கரோட்டின் குழந்தைகளின் உடலில் நன்றாகவே சேருகிறது என்று 1991-இல் அங்குள்ளோர் வெளியிட்டனர். 1995-இல் திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மையத்தார் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். புகையிலை மெல்லுவோர் வாயில் தோன்றும் வெண்படலம் பின்னாளில் புற்றாக மாறக் கூடியது. அத்தகையோருக்கு நாள்தோறும் ஒரு கிராம் வீதம் ஓராண்டு கொடுத்ததில், 44 பேரில் 20 பேருக்குப் படலம் முற்றும் மறைந்தது; பாசி உண்ணாத 43 பேரில் மூவருக்கே மறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் விற்பனையாளர்கள் இதற்கு அடுத்த வரியைச் சொல்லுவதில்லை: உண்பதை நிறுத்திய ஓராண்டிற்குள் அந்த இருபதின்மரில் ஒன்பது பேருக்குப் படலம் திரும்பி வந்தது. புகையிலை மெல்லும் நம் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிப்பார்களாக.

இனிக் கணக்கு. குமாஸ்தாவுக்குக் கணக்குப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. நூறு கிராம் உலர்ந்த சுருள்பாசியில் ஏறத்தாழ 57 கிராம் புரதமும் 28 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. இதைப் படித்தால் எவர்க்கும் வாய் ஊறும். ஆனால் நாம் உண்பது நூறு கிராமன்று. அரை கிராம் மாத்திரை இரண்டு. அதில் அடங்குவது அரை கிராமுக்குச் சற்றே அதிகமான புரதம். இரும்பு ஒரு மில்லிகிராமில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் 46 கிராம் புரதமும் 29 மில்லிகிராம் இரும்பும் வேண்டும் என்று மேற்சொன்ன ஐதராபாத் நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பட்டியல் கூறுகிறது. ஆக, நூற்றில் ஒரு பங்கே வந்து சேர்கிறது. கானெம்புப் பெண்மணி ஒரு வேளைக் குழம்பில் பத்து கிராம் அளவுக்கு உண்கிறாள். அவளுக்கு இது உணவு. எண்ணூறு ரூபாய் கொடுத்து நாம் வாங்குவது அவள் மூன்று வேளையில் உண்டு முடிப்பது.

மாத்திரை அளவிலும் மெய்யாகவே பயன் தருவது கரோட்டின் ஒன்றே. நன்கு உலர்த்திய பாசி ஒரு கிராமில் ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரை அது இருக்கும். குழந்தையின் கண்ணுக்கு அது பெரிய உதவி. அதே அளவு கரோட்டின் ஒரு பிடிக்கும் குறைவான முருங்கைக் கீரையிலும் உண்டு. நம் குவார்ட்டர்ஸ் வரிசையின் பின்புறத்தில் எத்தனை முருங்கை மரங்கள் நிற்கின்றன என்பதை மகளிர் நன்கறிவர். கீரை கிடைக்காத வறண்ட நிலத்துக்கும், பஞ்ச காலத்துக்கும், உவர்நீரன்றி வேறற்ற ஊர்களுக்கும் இப்பாசி ஒரு வரம் என்பதை நான் மறுக்கவில்லை. வளர்ப்போர் கவனமாக இல்லாவிடில் நச்சுப் பாசிகளும் ஈயம் போன்ற உலோகங்களும் கலந்துவிடக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் வகை நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது.

இப்பொழுது பி-12. மனிதனின் இரத்தத்துக்கும் நரம்புக்கும் இன்றியமையாத இவ்வைட்டமினைச் செடிகள் உண்டாக்குவதில்லை. பால், முட்டை, புலால் வழியே நமக்குக் கிடைக்கிறது. சுருள்பாசியில் இது ஏராளம் என்று பல காலம் எழுதி வந்தனர். அவ்வாறு எழுதியதில் வஞ்சகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பழைய சோதனை முறையில், பி-12 இருந்தால் வளரும் ஒரு பாக்டீரியாவை விட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பாக்டீரியாவுக்கு அசலும் போலியும் ஒன்றே. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானி வாட்டனாபேயும் அவர் கூட்டத்தாரும் சுருள்பாசி மாத்திரைகளைப் பிரித்துச் சோதித்ததில், பி-12 எனக் கணக்கிட்டதில் நூற்றுக்கு 83 பங்கு போலி என்றும், 17 பங்கே அசல் என்றும் கண்டனர். போலி வடிவம் மனித உடலுக்குப் பயன்படாது. அதற்கு முன்னரே, 1991-இல், ஹாலந்து தேசத்தில் புலாலும் பாலும் விலக்கிய குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பாசிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தச் சோதனையில் எண்ணிக்கை உயர்ந்ததேயன்றி இரத்தத்தின் குறை நீங்கவில்லை. இவ்வுண்மை வெளியாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும் நான் வாங்கிய புட்டியின் மேல் பழைய வாக்கியமே அச்சாகியிருந்தது. எட்டணா சாமானுக்குக் கூட வே பில்லில் தப்பெழுதினால் எங்களுக்கு மெமோ வரும்!

எட்டாம் மாதத் தொடக்கத்தில் அம்மா குளியலறையில் தடுமாறி விழுந்தார். எலும்பு முறியவில்லை. மருத்துவமனையில் இளம் பெண் டாக்டர் ஒருவர் பாதத்தில் அதிரும் கவையொன்றை வைத்து, “தெரிகிறதா அம்மா?” என்று கேட்டார். தெரியவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்; பிறகு, வீட்டில் என்னென்ன மாத்திரை உண்கிறார் என்று விசாரித்தார். நான் புட்டியைக் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; “இது கெட்ட பொருளன்று, ஆனால் இந்த வியாதிக்கு இது அல்ல. ஏழு மாதம் போய்விட்டதே” என்றார். அந்த ஏழு மாதம் என்ற சொல் இன்றும் என் காதில் நிற்கிறது. விற்றவரைக் குறை சொல்லலாம். ஆயினும், கால் மரத்துப் போகிறது என்று அம்மா சொன்ன அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லாமல் அச்செழுத்தை நம்பி இருந்தவன் நான். நம் காலனியில் பால் விலக்கிய முதியோர் வேறு சிலரும் இருப்பதை அறிவேன். அவர்கள் வீட்டார் ஒரு முறை இரத்தம் சோதித்துக் கொள்ள வேண்டுமென்றே இதையெல்லாம் மலரில் எழுதத் துணிந்தேன்.

ஊசி முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்; பிறகு வாரம் ஒன்று; இப்போது மாதம் ஒன்று. எரிச்சல் போய்விட்டது. இடது கால் பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தேயிருக்கிறது. நரம்பு நாட்பட்டுக் கெட்டதால் அது அவ்வளவில் நின்றுவிடவும் கூடும் என்று டாக்டர் சொன்னார். கோலம் போட என் மகளைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். உடைக்காத புட்டி ஒன்று மிஞ்சியிருந்தது. அதை எறிந்துவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை, கண்ணுக்கு நல்லதென்று நீயே எழுதியிருக்கிறாயே, பேத்திக்குக் கொடுக்கலாகாதா என்றார். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முருங்கைக் கீரை பறிக்க முடியாத மழை நாட்களில் மட்டும் அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்து வருகிறோம்.